‘ஃபேர்லி’ என்ற சொல்லிடம் யார் கணக்குக் கேட்பது?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் அறிக்கைகளில் ஓயாமல் உழைக்கும் ஆங்கில வினையடை ஒன்று உண்டு: ‘ஃபேர்லி’. விண்ணப்பங்கள் ‘ஃபேர்லி’ பரிசீலிக்கப்பட்டன. நேர்காணல் ‘ஃபேர்லி’ நடத்தப்பட்டது. இடங்கள் ‘ஃபேர்லி’ நிரப்பப்பட்டன. புகார் ‘ஃபேர்லி’ விசாரிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. தமிழில் இதை ‘நியாயமாக’ என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம். அந்த அவசரம் நல்லதல்ல. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொற்களில் இவ்வளவு மலிவாகக் கிடைத்து இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்துத் தருவது வேறொன்று இல்லை.

ஆங்கில இலக்கணத்தில் இச்சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. வினைச்சொல்லைத் தழுவி வரும்போது ‘நியாயமாக’, ‘பாரபட்சமின்றி’ என்று பொருள். பெயரடைக்கோ மற்றொரு வினையடைக்கோ முன்னால் வரும்போது ‘ஓரளவு’, ‘சுமாராக’ என்று பொருள். ‘ஆசிரியர் மாணவர்களை ஃபேர்லி நடத்தினார்’ என்றால் அவர் ஓரவஞ்சனை செய்யவில்லை. ‘ஃபேர்லி நன்றாக நடத்தினார்’ என்றால் ஏதோ பரவாயில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டாம் பொருளிலும் அது பெரும்பாலும் நல்ல சொற்களின் பக்கமே போய் உட்காரும். தேர்வு எளிது என்றால் ‘ஃபேர்லி’. கடினம் என்றால் ‘ரேதர்’. பள்ளி இலக்கண வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் வேறுபாடு இது. குறையை நிறைவுபோல் சொல்வதற்கு வாகான சொல் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

சொல் நிற்கும் இடமே பெரும்பாலும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காத தொடர்களும் சில உண்டு. ‘இத்துறையில் பெண்கள் ஃபேர்லி பிரதிநிதித்துவம் பெற்றுள்ளனர்’ என்று ஆங்கிலத்தில் ஓர் ஆண்டறிக்கை எழுதினால், நியாயமான அளவிலா, ஓரளவுக்கா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. எழுதியவர் இரண்டாவதை நினைத்திருக்கலாம். படிப்பவர் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் எழும்போது முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நழுவிப் போவதற்குச் சொல்லே வழிவிட்டு நிற்கிறது. இந்தியக் கல்விப்புலத்தில் ‘ஃபேர்லி’ செய்திருக்கும் பயணம் இந்த நழுவல்தான்: நியாயம் என்று வாக்களித்து, ஓரளவு என்று வழங்குவது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வியப்பு குறையும். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேகர்’ என்றால் அழகு, கண்ணுக்கு இனிமை. மாசு மருவற்றது என்ற பொருளிலிருந்துதான் பாரபட்சம் என்னும் மாசு அற்றது என்ற பொருள் கிளைத்தது. வெளிர்ந்த தோல் என்ற பொருளும் அதே வேரிலிருந்து பிறகு முளைத்தது. இந்தியாவில் அந்தப் பொருள்தான் கடைத்தெருவரை வந்து சேர்ந்தது. 1975இல் சந்தைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, 2020இல்தான் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. ஒரே சொல் அழகையும் நிறத்தையும் நியாயத்தையும் சுமாரையும் குறிக்கும் என்றால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஒருவர் தம் வாழ்க்கையை ஒப்படைக்க முடியாது.

இதற்கு மாறாக அரசமைப்புச் சட்டம் தேர்ந்துகொண்ட வினையடையைப் பார்க்கவேண்டும். 16ஆம் உறுப்பின் 4ஆம் கூறு, அரசுப் பணிகளில் ‘அடெக்வட்லி’ பிரதிநிதித்துவம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இடஒதுக்கீடு செய்யலாம் என்கிறது. ‘போதிய அளவில்’ என்பது அதன் பொருள். ‘ஃபேர்லி’ என்று எழுதியிருந்தால், அவரவர் மனச்சான்றின்படி பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ‘போதிய அளவில்’ என்று எழுதியதால் எத்தனை பேர், எந்தப் பதவியில், எத்தனையில் எத்தனை என்று எண்ணியாகவேண்டும். 1992ஆம் ஆண்டு இந்திரா சாஹ்னி தீர்ப்பு, போதுமை வேறு, மக்கள்தொகை விகிதாசாரம் வேறு என்று பிரித்துக் காட்டியது. அப்போதும் எண்ணவேண்டிய கடமை போய்விடவில்லை.

அந்தக் கடமையை நீதிமன்றங்கள் எவ்வளவு கண்டிப்புடன் வற்புறுத்தின என்பது கவனிக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டு எம். நாகராஜ் வழக்கில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர விரும்பும் அரசு, பிற்பட்ட நிலையையும் பிரதிநிதித்துவம் போதாமையையும் அளவிடத்தக்க தரவுகளால் காட்டவேண்டும். நிர்வாகத் திறன் குன்றாது என்பதையும் கருதவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு முதல் நிபந்தனை விலக்கப்பட்டது. போதாமையைத் தரவுகளால் காட்டவேண்டும் என்பது நிலைத்தது. 2022இல் அதே வழக்கின் தொடர்ச்சியில், அந்தத் தரவு ஒவ்வொரு பணிநிலை வாரியாகவும் இருக்கவேண்டும் என்று மேலும் இறுக்கப்பட்டது.

தரவு கேட்பது தவறில்லை. யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதில்தான் வழக்கு இருக்கிறது. தமக்கு இடம் போதவில்லை என்று சொல்பவர்களுக்காகப் பேசும் அரசு, அட்டவணை அட்டவணையாகக் கணக்குக் காட்டவேண்டும். இடம் தராத தேர்வுக் குழு, ‘ஃபேர்லி பரிசீலித்தோம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். 2019ஆம் ஆண்டு 103ஆம் திருத்தத்தின் வழியே பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென 16ஆம் உறுப்பில் 6ஆம் கூறு சேர்க்கப்பட்டபோது, ‘போதிய அளவில் பிரதிநிதித்துவம் பெறாத’ என்ற நிபந்தனை அதில் இடம்பெறவே இல்லை. மக்களவையில் ஜனவரி 8, மாநிலங்களவையில் ஜனவரி 9 என இரண்டே நாளில் அது நிறைவேறியது. ஒரு வினையடை யாருக்குச் சுமையாகிறது, யாருக்குத் தள்ளுபடியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

‘ஃபேர்லி’ கணக்குக் கேட்க முடியாத சொல் என்று யாரும் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அதனிடம் கணக்குக் கேட்ட வரலாறு இந்த நாட்டில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு ஏ.கே. கிரைபாக் வழக்கு அவற்றுள் முதன்மையானது. ஜம்மு காஷ்மீர் மாநில வனப்பணியிலிருந்து இந்திய வனப்பணிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரியம் அமைந்தது. மாநிலத்தின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் தம் பதவியின் காரணமாக அதில் உறுப்பினர். அவரே விண்ணப்பதாரர்களுள் ஒருவரும்கூட. தம் பெயர் எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தரவரிசைப் பட்டியலைத் தயாரிப்பதிலும் பங்கெடுத்தார். பட்டியலில் முதலிடம் அவருக்கு.

அவர் வெளியே போனது ஒழுங்கு. உள்ளே இருந்தது அநியாயம். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்துசெய்தது. அவர் உண்மையிலேயே பாரபட்சம் காட்டினாரா என்று நெஞ்சைப் பிளந்து பார்க்க நீதிமன்றம் முயலவில்லை. அது முடியாத காரியம் என்று அதற்குத் தெரியும். பாரபட்சம் நேர்ந்திருக்கக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. இங்கே ‘ஃபேர்லி’ என்பது தேர்வாளரின் உள்ளத்தின் தன்மை என்ற நிலையிலிருந்து, வெளியிலிருந்து சோதிக்கத்தக்க ஏற்பாட்டின் தன்மை என்ற நிலைக்கு மாறுகிறது. ‘குழுவிலிருந்த அனைவரும் நேர்மையானவர்கள்’ என்று இன்றும் பதில் சொல்லும் நிர்வாகங்கள், அரை நூற்றாண்டுக்கு முன்பே செல்லாது என்று தள்ளப்பட்ட பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு கல்விக்கூடத்திலிருந்தே வருகிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50 மதிப்பெண். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிட நேர்காணல். கேட்கப்பட்ட கேள்விகளுக்கும் படிப்புக்கும் தொடர்பில்லை என்பது மாணவர்களின் குற்றச்சாட்டு. எழுத்துத் தேர்வில் உயர்ந்து நின்றவர்கள் அந்த மூன்று நிமிடத்தில் கீழே இறங்கினார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று அறியப்படும் இதில் 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்குவது தான்தோன்றித்தனம். இத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது நீதிமன்றம். அத்தோடு நிற்கவில்லை. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. கேள்வி எழுந்தால் எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா?

அதன்பின் நான்கு பதிற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வந்துவிட்டது. நேர்காணலைப் பதிவுசெய்வது மட்டும் பல்கலைக்கழகங்களின் பொதுவழக்கமாகவில்லை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால் எழுத்துக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்கின்றன. அஜய் ஹாசியா சொன்ன 15, பள்ளிப்படிப்பு முடித்து வரும் மாணவர்களுக்கானது. முதிர்ந்தவர்களைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது நேர்காணலுக்குக் கூடுதல் எடை தரலாம் என்று 1981இல் லீலா தர் வழக்கில் அதே நீதிமன்றம் விளக்கியது உண்மைதான். ஆனால் எடையைக் கூட்டுவதற்கு முன்னுதாரணம் தேடிய நிர்வாகங்கள், பதிவுசெய்யச் சொன்ன வரியை மட்டும் வசதியாக மறந்துபோயின.

அந்த 30 மதிப்பெண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பது ஊகமும் இல்லை. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் நேர்காணல் மதிப்பெண்களையும் சமூகப் பிரிவு வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தொடர்ந்து ஒரே பாங்கில் அமைந்திருப்பதைக் கண்டு, அது பாகுபாட்டைச் சுட்டுகிறது என்று 2016இல் அறிக்கை தந்தது. நேர்காணலின் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு நேர்காணல் குழுவையும் தனித்தனியே கேட்டால், ஒவ்வொன்றும் ‘ஃபேர்லி நடந்துகொண்டோம்’ என்றே சொல்லியிருக்கும். பொய் சொல்லியிருக்கும் என்றுகூடக் கருதவேண்டியதில்லை. தனித்தனி மனச்சான்றுகள் தூய்மையாக இருக்க, கூட்டுத்தொகை சாய்ந்து கிடக்கலாம். அட்டவணை போட்டுப் பார்க்காதவரை அந்தச் சாய்வு எவர் கண்ணிலும் படாது.

ஆசிரியர் நியமனத்தில் இதன் முதிர்ந்த வடிவம் ‘நாட் ஃபவுண்ட் சூட்டபிள்’ என்ற மூன்று சொல் தொடர். ஒதுக்கீட்டு இடத்துக்கு விளம்பரம் வருகிறது. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுள் தகுதியுடையோரை அந்நிறுவனமே வடிகட்டி அழைக்கிறது. நேர்காணல் முடிந்தபின், பொருத்தமானவர் எவரும் இல்லை என்று ஒற்றை வரி அறிவிப்பு. தகுதி இருக்கிறது என்று அழைத்ததும் அந்நிறுவனம்தான்; பொருத்தம் இல்லை என்று அனுப்பியதும் அந்நிறுவனம்தான். இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் மட்டுமே கழிந்திருக்கின்றன. அந்த நிமிடங்களில் என்ன கண்டார்கள் என்பதற்கு ஒரு பத்தி விளக்கம்கூட வெளிவருவதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு, தில்லி எய்ம்ஸ் குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கையில், பொருத்தமானவர்கள் கிடைக்கவில்லை என்ற வார்ப்படப் பதிலை ஏற்க மறுத்தது. நாடாளுமன்றக் குழுவுக்கே அலுத்துப்போன பதில், தேர்வுக் குழுக்களுக்கு இன்னும் அலுக்கவில்லை.

இங்கே ‘ஃபேர்லி’க்குத் துணையாக இன்னொரு வினையடை வந்து நிற்கும்: ‘ஈக்வலி’. ‘அனைவரையும் சமமாக நடத்தினோம், எனவே நியாயமாக நடத்தினோம்’ என்பது வாதம். அந்த ‘எனவே’ எவ்வளவு பெரிய பள்ளத்தை மூடி மறைக்கிறது என்பதை 13 புள்ளிச் சுழற்சிப் பட்டியலின் கதை காட்டும். 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டைப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடக்கூடாது, துறையே அலகு என்றது. 2018 மார்ச் 5 அன்று மானியக் குழு அதை ஆணையாக்கியது. ஒவ்வொரு துறைக்கும் ஒரே விதி. எந்தத் துறைக்கும் சலுகையில்லை. ‘ஈக்வலி’ என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கணக்கைப் பார்க்கலாம். 27 விழுக்காடு என்றால் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு நான்காவது இடம்தான் முதல் இடம். 15 விழுக்காடு என்றால் பட்டியல் சாதியினருக்கு ஏழாவது இடம். 7.5 விழுக்காடு என்றால் பழங்குடியினருக்குப் பதினான்காவது இடம். ஒரு துறையில் மூன்றே பணியிடங்கள் இருந்தால் முதல் சுற்றில் ஒதுக்கீடு சுழியம். ஒரு பேச்சுக்கு, மூன்று மூன்று பணியிடங்கள் கொண்ட 50 துறைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ளன என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 150 இடங்கள். பல்கலைக்கழகத்தை அலகாகக் கொண்டால் முறையே 40, 22, 11 இடங்கள் வரும். துறையை அலகாகக் கொண்டால் முதல் சுற்றில் ஒன்றுகூட வராது. ஓய்வுபெறுவோர் இடத்தில் புதியவர் வந்து வந்து பதினான்காவது எண் வரும்வரை பழங்குடியினர் எத்தனை தலைமுறை காத்திருப்பது? ஒவ்வொரு துறைக்கும் விதி சமம். மொத்த விளைவு சுழியம்.

நாடெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் மேல்முறையீட்டைத் தள்ளியபின், மார்ச் 7 அன்று அவசரச் சட்டமும் அதே ஆண்டு முழுச் சட்டமும் வந்து பல்கலைக்கழகமே அலகு என்பது மீட்கப்பட்டது. அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் எவரும் எவரிடமும் பாரபட்சம் காட்டியதாக நிறுவ முடியாது. வகுத்தல் கணக்கு மட்டுமே நடந்தது. ‘ஈக்வலி’ தன் வேலையைக் குறைவறச் செய்தது, நியாயம் சுழியமாயிற்று.

இந்த இடைவெளிக்குத்தான் ஆங்கிலத்தில் ‘ஈக்விடபிளி’ என்ற மூன்றாவது வினையடை இருக்கிறது. விதியை அப்படியே பொருத்தினால் அநியாயம் விளையும் இடத்தில் விதியை நிலைமைக்கேற்பத் திருத்துவது அதன் உள்ளடக்கம். அரிஸ்டாட்டில் இதற்கு லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோலை உவமை காட்டினார். கல்லின் வளைவுக்கேற்பத் தானும் வளைந்து அளக்கும் கோல் அது. மானியக் குழு 2012இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கு வகுத்த பாகுபாட்டு ஒழிப்பு விதிமுறைகளின் பெயரிலேயே ‘ஈக்விடி’ இருக்கிறது. தமிழில் பெயர்க்கும்போது அது ‘சமத்துவம்’ ஆகிறது. ‘ஈக்வாலிடி’யும் ‘சமத்துவம்’. இரண்டு நாணயங்களை ஒரே அச்சில் உருக்கி ஊற்றிவிட்டபின், எது எது என்று கேட்கத் தமிழ் மாணவரிடம் சொல் இல்லை. ‘சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே கட்-ஆஃப் தானே?’ என்று எதிரே நிற்பவர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு வலு சேர்ப்பது மொழிபெயர்ப்பின் சோம்பல்.

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ இருக்கிறது, பிற மொழிகளில் அதற்கு நேர்ச்சொல் இல்லை என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இல்லை என்பது மொழியியலாளர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா வாதிட்டுக் காட்டிய செய்தி. ஜெர்மன் அச்சொல்லை அப்படியே கடன் வாங்கியிருக்கிறது. நேர்ச்சொல் இல்லாதது நேர்மை இல்லாததாகிவிடாது. தமிழில் அநியாயத்தைக் குறிக்கும் சொற்கள் கூர்மையானவை. ஓரவஞ்சனை, பந்திவஞ்சனை, ஒரு கண்ணில் வெண்ணெய் மறு கண்ணில் சுண்ணாம்பு. இவற்றில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் இருக்கிறார். பந்திவஞ்சனை என்றால் பரிமாறியவர் உண்டு, இலை உண்டு, இலைக்கு வராத பதார்த்தம் உண்டு. ‘ஃபேர்லி பரிசீலிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையில் பரிமாறியவர் காணாமல் போகிறார். அதைத் தமிழாக்கும்போது ‘நியாயமாகப் பரிசீலிக்கப்பட்டது’ என்று அதே மறைவிடத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வதுதான் தவறு. யார் பரிசீலித்தார் என்ற எழுவாயைத் தமிழ்த் தொடர் இயல்பாகவே கேட்கும், கேட்க விடவேண்டும்.

நடுவுநிலைமைக்குத் தராசை உவமையாக்கிய வள்ளுவரின் நுட்பமும் இங்கே நினைக்கத்தக்கது. அந்தக் கோல் முதலில் தான் சமன்பட்டு நின்று, அதன்பின்தான் தன்மேல் வைத்ததை எடைபோடுகிறது. வெறுந்தட்டே ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் தராசில் எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் கிடைப்பது பொய் எடை. ‘எடைபோடும்போது கை வைக்கவில்லை’ என்பது வணிகர் சொல்லும் சமாதானம். ‘தட்டு முன்பே சாய்ந்திருந்தது’ என்பது வாங்க வந்தவர் சொல்லும் உண்மை. ‘ஈக்விடி’க்கு ‘ஒப்புரவு’ என்ற சொல்லை முன்மொழிவோர், ஊருணியின் உவமை அந்த அதிகாரத்தில் இருப்பதைச் சுட்டலாம், பொருத்தமும் உண்டு. ஆயினும் அங்கே பேசப்படுவது கொடுப்பவரின் பண்பு. இன்று கேட்கப்படுவது பெறுபவரின் உரிமை. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் இந்த வேறுபாடு அதில் தங்கவேண்டும். ‘சமமாக’ என்பதோடு கலந்துவிடவும் கூடாது.

மறுதரப்பின் வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு. அறிவுத்துறையில் மதிப்பீடு என்பது வல்லுநர்களின் தீர்மானம். அதை எண்ணாகவும் படிவமாகவும் மாற்றிவிட்டால் ஆய்வுத் திறனைக் கண்டறிவதற்கு மாறாகப் படிவம் நிரப்பும் திறனையே கண்டறிய நேரும் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. ஆய்வுக் கேள்வி ஒன்றை ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதை உரையாடலில்தான் காணமுடியும். ஆனால் அந்த வல்லுநர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை நிராகரிக்கும்போது பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறார்கள். ஒரு கட்டுரைக்குத் தரும் மரியாதையை ஒரு மனிதருக்குத் தர ஏன் தயக்கம்? தீர்மானம் வல்லுநருடையதாகவே இருக்கட்டும். காரணம் எழுத்தில் இருக்கட்டும். விடைத்தாளைப் பார்வையிடத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் தேர்வு முறை சரிந்து விழுந்துவிடவில்லை. நேர்காணலில்தான் எடுத்துப் பார்க்கத் தாளே இல்லை.

இன்னொரு வாதம் சட்டத்தின் பெயரால் வரும்: நிறுவனங்களை நம்பவேண்டும், அலுவல் காரியங்கள் ஒழுங்காகவே நடந்தன என்று கொள்வது சட்டமரபு. அந்த மரபின் மூலச்சொல்லைக் கவனிக்கவேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, அலுவல்முறைச் செயல்கள் ‘ரெகுலர்லி’ நிறைவேற்றப்பட்டதாக ஊகித்துக்கொள்ள அனுமதித்தது. ‘முறைப்படி’ என்பது அதன் பொருள். கடிதம் உரிய நாளில் போனதா, கையொப்பம் உண்டா, கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கை இருந்ததா என்ற அளவில் அந்த ஊகம் நிற்கும். ‘ஃபேர்லி’ நிறைவேறியதாகவும் ஊகித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கிரைபாக் வழக்கில் முறைப்படி எல்லாம் நடந்தது; நியாயம்தான் நடக்கவில்லை. அமர்த்திய சென் 2009இல் எழுதிய நூலில் ‘நீதி’யையும் ‘நியாய’த்தையும் பிரித்தது இந்த இடத்தில்தான்: ஒன்று அமைப்பின் ஒழுங்கு, மற்றது மனிதர் வாழ்வில் உண்மையாக விளைந்தது. இரண்டு சொற்களையும் நாள்தோறும் புழங்கும் தமிழருக்கு இந்த வேறுபாட்டை வேறெவரும் கற்றுத்தரவேண்டியதில்லை. வழக்கில் தோற்றவரும் ‘நீதி கிடைத்தது, நியாயம் கிடைக்கவில்லை’ என்று சொல்லக்கூடிய மொழி இது.

ஆகவே கோரிக்கை எளிமையானது. எந்த அறிக்கையில் ‘ஃபேர்லி’ என்றோ ‘நியாயமாக’ என்றோ வந்தாலும், அதன் பின்னால் மூன்று விடைகள் வரவேண்டும். எந்த அளவுகோலால்? யாரால்? பதிவு எங்கே? நேர்காணல் மதிப்பெண்கள் கூறு கூறாகப் பிரித்துத் தரப்பட்டு, உரையாடல் பதிவுசெய்யப்படவேண்டும். எழுத்து, நேர்காணல் மதிப்பெண்களின் ஒப்பீடு பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியாகவேண்டும். ‘பொருத்தமானவர் இல்லை’ என்று எழுதும் ஒவ்வொரு குழுவும், அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணத்தை எழுத்தில் தந்து கையொப்பமிடவேண்டும். ‘அடெக்வட்லி’ என்ற சொல்லிடம் நாகராஜ் வழக்கு முதல் கேட்கப்பட்டுவரும் தரவுகளில் நூற்றில் ஒரு பங்கு இது.

இந்த விடைகளைத் தர முடியாத நிறுவனம் அந்த வினையடையைப் பயன்படுத்தாமல் விடலாம். ‘விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டன’ என்று மட்டும் எழுதட்டும். குறைந்தபட்சம் அந்த வாக்கியத்தில் பொய் இருக்காது.